நாற்பதில் சேராத பிள்ளை



சென்ற வருடம் ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு வீடு திரும்பியபோது முன் விறாந்தையில் ஒரு தாய் உட்கார்ந்திருந்தார். எங்கள் வவுனியாவில் பக்கத்துத் தெருவைச் சேர்ந்தவர்தான். கையில் ஒரு கடிதம். அவருடைய மகன் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தான். ஒரு செமஸ்டரை மலேசியாவில் படிப்பதற்கு அவனுக்கு இடம் கிடைத்திருந்தது. நான்கு மாதங்களுக்குச் சற்று அதிகம். வாப்பாவும் தங்கைமாரும் மகிழ்ச்சியில் இருக்க, உம்மாவுக்கு மட்டும் மூன்று நாளாக நித்திரை இல்லை.

"மௌலவி, நான் ஒரு மஸ்அலா கேட்கத்தான் வந்தேன். இவன் அங்க இருக்கிற நாள் முழுக்க முஸாபிர்தானே? தொழுகையைச் சுருக்கித் தொழலாமா? றமழான் வந்தா நோன்பை விட்டுப்போட்டு வந்து கழாச் செய்யலாமா?"

கேட்டது மஸ்அலாதான். ஆனால் அந்தக் குரலில் வேறொரு கேள்வியும் இருந்தது: என் பிள்ளையை அங்கே யார் பார்ப்பார்கள் என்பது. முதலில் மஸ்அலாவைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள் நம் வீடுகளில் பெருகிவிட்ட காலம் இது. பலருக்கும் பயன்படும்.

பிரயாணி என்ற சலுகை பாதையில் இருப்பவருக்கு உரியது. ஷாபிஈ மத்ஹபின்படி, ஓர் ஊருக்குப் போய்ச் சேரும் நாளையும் அங்கிருந்து புறப்படும் நாளையும் விட்டு, நான்கு நாட்களோ அதற்கு மேலோ தங்குவதென்று நிய்யத் வைத்துப் போகிறவர் அந்த ஊரை அடைந்ததுமே முஸாபிர் என்ற நிலையை இழந்துவிடுகிறார். ஹனபி மத்ஹபில் இந்த எல்லை 15 நாட்கள். நான்கு மாதம் தங்கப் போகும் மாணவர் எந்தக் கணக்கிலும் பிரயாணி அல்லர். ஆகவே கோலாலம்பூரில் அவர் லுஹரை நான்கு ரக்அத்தாகத்தான் தொழ வேண்டும். றமழான் வந்தால் நோன்பு பிடிக்க வேண்டும். போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் சுருக்கலாம், சேர்க்கலாம். இடையில் விடுமுறைக்கு இன்னோர் ஊருக்குப் போய் இரண்டொரு நாளில் திரும்புவாரானால், தூரம் 80 கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்டதாக இருந்தால் அந்தப் பயணத்திலும் சலுகை உண்டு.

சாப்பாட்டைப் பற்றி அந்தத் தாய் பெரிதாகக் கவலைப்படத் தேவையில்லை என்றும் சொன்னேன். மலேசியாவில் ஹலால் முத்திரைக்கு அரசாங்கமே பொறுப்பு. மக்களும் நம்மைப் போல ஷாபிஈகள். ஸுபஹில் குனூத் கூட நம் ஊர் போலவே கேட்கும்.

பிறகு ஜும்ஆவைப் பற்றிச் சொன்னேன். அங்குதான் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. ஜும்ஆ நிறைவேறுவதற்கு நம் மத்ஹபில் நாற்பது பேர் வேண்டும் என்பது நீங்கள் அறிந்ததே. அந்த நாற்பது பேரும் அவ்வூரையே தமக்கு நிலையான ஊராகக் கொண்டவர்களாக இருக்க வேண்டும். அறபியில் முஸ்தவ்தின் என்பார்கள். படிப்புக்காகவோ தொழிலுக்காகவோ வந்து தங்கி, வேலை முடிந்ததும் ஊர் திரும்பும் எண்ணத்தில் இருப்பவர் முகீம் மட்டுமே. அவர்மீது ஜும்ஆ கடமை. வராவிட்டால் குற்றம். ஆனால் அந்த நாற்பதில் அவரைச் சேர்த்து எண்ண முடியாது.

இதைக் கேட்டதும் அந்தத் தாய் சிரித்துவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பள்ளிக்கும் போகத்தான் வேணும், கணக்கிலயும் சேர மாட்டான். பாவம் என்ட பிள்ளை!"

கிதாபிலே எத்தனையோ முறை ஓதிக் கொடுத்த சட்டம். அதற்குள் இப்படி ஒரு துக்கம் இருக்கிறதென்று எனக்கு அன்றுதான் பட்டது.

அவருக்கு ஆறுதலாக இப்னு பதூதாவின் கதையைச் சொன்னேன். உலகம் சுற்றியவர் என்று அவரைப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். நம் நாட்டுக்கும் 1344இல் வந்தவர். அவர் கரையிறங்கி ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்த பத்தாலா என்ற பட்டினம் நமது புத்தளம்தான் என்பது வரலாற்றாசிரியர்களின் கருத்து. மன்னர் அவருக்குப் பல்லக்கும் வழித்துணைக்கு ஆட்களும் கொடுத்துப் பாவா ஆதம் மலைக்கு அனுப்பிவைத்தார். ஆனால் நான் சொன்னது அந்தப் பெரிய பிரயாணியைப் பற்றி அல்ல. அதற்கு ஏறத்தாழ இருபது வருடங்களுக்கு முன், வீட்டை விட்டு முதன்முதலாகப் புறப்பட்ட ஒரு பிள்ளையைப் பற்றி.

ஹிஜ்ரி 725, றஜப் மாதம். கிறிஸ்து ஆண்டுக் கணக்கில் 1325 ஜூன். மொரோக்கோவின் தஞ்சா நகரிலிருந்து ஹஜ்ஜையும் கல்வியையும் நாடிப் புறப்பட்டபோது அவருக்கு ஹிஜ்ரிக் கணக்கில் வயது 22. உடன் போக ஒரு துணை இல்லை. உம்மாவும் வாப்பாவும் உயிரோடு இருந்தார்கள். அந்தப் பிரிவு தமக்கும் அவர்களுக்கும் எவ்வளவு வேதனையாக இருந்தது என்பதை முதுமையை நெருங்கிய காலத்தில் தம் பயணங்களை எழுதுவித்தபோதும் அவர் மறக்காமல் பதிவு செய்திருக்கிறார்.

வழியிலேயே காய்ச்சல் கண்டது. உடன் சேர்ந்தவர்கள் தங்கிப் போகச் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. இளம் பிள்ளைகள் என்றைக்குக் கேட்டார்கள்? கடைசியில் வாகனத்திலிருந்து விழுந்துவிடாதபடி தலைப்பாகைத் துணியால் தம்மைச் சேணத்தோடு கட்டிக்கொண்டு தூனிஸ் நகர் வந்து சேர்ந்தார். ஊர் மக்கள் எல்லையிலேயே திரண்டு வந்து பிரயாணக் கூட்டத்தை வரவேற்றார்கள். ஒருவர் மற்றவரின் பெயர் சொல்லி அழைத்து ஸலாம் சொன்னார்கள், நலம் விசாரித்தார்கள். இவரை மட்டும் எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே இவரைத் தெரிந்தவர் யாருமில்லை. காய்ச்சலைத் தாங்கியவருக்கு அதைத் தாங்க முடியவில்லை. வாய்விட்டு அழுதார். கூட்டத்திலிருந்த ஒரு ஹாஜி அந்த அழுகையின் காரணத்தைப் புரிந்துகொண்டார். அருகில் வந்து ஸலாம் சொல்லி, நகருக்குள் நுழையும் வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தார்.

அந்த ஹாஜியின் பெயர் அந்த ஏட்டில் இல்லை. ஆனால் ஏறக்குறைய முப்பது வருடங்கள் கழித்து, எத்தனையோ சுல்தான்களின் விருந்துகளுக்குப் பிறகு, இப்னு பதூதாவுக்கு அந்த ஒரு ஸலாம் நினைவிலிருந்தது.

(அவர் தூனிஸைக் கடந்ததும் வழியிலேயே ஒரு திருமணம் செய்து, மாமனாரோடு பிணக்கு ஏற்பட்டு அதைத் தலாக்கில் முடித்து, உடனே இன்னொரு திருமணமும் செய்த விபரத்தை அந்தத் தாயிடம் நான் சொல்லவில்லை. நித்திரையில்லாத நாட்கள் மூன்றோடு போகட்டும் என்று விட்டுவிட்டேன். உங்கள் பிள்ளைகளுக்கும் அந்தப் பக்கத்தைக் காட்ட வேண்டாம்.)

அடுத்த வருடம், 1326 ஓகஸ்ட், றமழான் பிறை ஒன்பதில் திமிஷ்க் நகரை அடைந்தார். அங்கே அவர் தங்கியது ஏறத்தாழ 24 நாட்கள்தான். ஆனால் ஒரு மாணவர் வெளியூரில் எவற்றையெல்லாம் பெற முடியும் என்பதற்கு அந்த நாட்களே போதும். உமையாப் பெரிய பள்ளிவாசலில் வயது முதிர்ந்த ஹதீஸ் ஆசிரியர் ஒருவரிடம் ஸஹீஹுல் புகாரி முழுவதையும் 14 அமர்வுகளில் செவிமடுத்தார். பலரிடம் இஜாஸா பெற்றார். அவர் தரும் பட்டியலில் இரண்டு பெண்மணிகளும் இருக்கிறார்கள். ஒருவர் ஆயிஷா பின்த் முஹம்மத் அல்ஹர்ரானிய்யா. மற்றவர் ஸைனப் பின்த் அஹ்மத், ஸைனப் பின்துல் கமால் என்று பிரபலமானவர். தொண்ணூறு வயதைக் கடந்தும் ஹதீஸ் ஓதிக் கொடுத்த இந்த அம்மையாரிடம் கேட்டுப் படித்தவர்கள் ஏராளம். பெண் பிள்ளைக்கு மார்க்கக் கல்வி எதற்கு என்று கேட்போர் இன்றும் நம் மஹல்லாக்களில் இருப்பதால் இதைச் சற்று அழுத்தியே எழுதுகிறேன்.

திமிஷ்கின் வக்புகளைப் பற்றியும் அவர் சொல்கிறார். ஏழைக் குமர்களை மணமுடித்து அனுப்ப ஒரு வக்பு. கைதிகளை விடுவிக்க ஒரு வக்பு. வழிப்போக்கர்களுக்கு உணவும் உடையும் ஊர் திரும்பச் செலவும் கொடுக்க ஒரு வக்பு. ஒரு நாள் தெருவில் ஒரு சிறுவன், வேலைக்கார அடிமைப் பையன், சீனத்துப் பீங்கான் தட்டொன்றைக் கைதவறிப் போட்டு உடைத்துவிட்டு நடுங்கி நிற்கிறான். கூடியவர்களில் ஒருவர், துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு பாத்திர வக்பின் பொறுப்பாளரிடம் வா என்று தாமே அழைத்துப் போகிறார். அவர் துண்டுகளைப் பார்த்துவிட்டுப் புதுத் தட்டு வாங்கப் பணம் கொடுக்கிறார். உடைந்த பாத்திரத்துக்கென்றே யாரோ ஒருவர் சொத்தை எழுதிவைத்துப் போயிருக்கிறார்! எசமானிடம் அடி வாங்கப் போகும் ஒரு பிள்ளையின் மனத்தை நினைத்துப் பார்த்தவர் அவர்.

எனக்கு மிகவும் பிடித்தது அதன் பிறகு வரும் பகுதி. நூருத்தீன் அஸ்ஸகாவி என்ற மாலிகீ மத்ஹப் ஆசிரியர் இந்த வெளியூர் மாணவரை நோன்பு திறக்கத் தம் வீட்டுக்கு அழைத்தார். நான்கு இரவுகள் போனார். ஐந்தாவது இரவு போகவில்லை. மறுபடியும் காய்ச்சல். ஆசிரியர் ஆளனுப்பினார். சாட்டுச் சொல்லியும் விடவில்லை. போய் ஓர் இரவு தங்கிவிட்டுக் காலையில் புறப்படப் பார்த்தவரைத் தடுத்து, இதை உன் வாப்பாவின் வீடாக நினைத்துக்கொள் என்ற கருத்தில் சொல்லித் தம்மிடமே வைத்துக்கொண்டார். வைத்தியரை வரவழைத்தார். வைத்தியர் சொன்ன மருந்தும் பத்தியமும் வீட்டிலேயே தயாராயின. பெருநாள் வரை அப்படியே. பெருநாளுக்கு எழுந்து தொழ முடிந்தது. கையிலிருந்த பணம் கரைந்துவிட்டதை அறிந்ததும் ஹிஜாஸுக்குப் போக ஒட்டகம் வாடகைக்குப் பிடித்துக் கொடுத்து, வழிக்கு உணவும் அவசரத்துக்குப் பணமும் கொடுத்து அனுப்பினார்.

இந்த வரலாற்றை எழுதியவரும் ஆண், படிப்பவர்களும் பெரும்பாலும் ஆண்கள். அதனால் ஒன்றை எவரும் கேட்பதில்லை. அந்தப் பத்தியச் சாப்பாட்டைச் சமைத்தது யார்? றமழான் இரவில், நோன்பு பிடித்த உடம்போடு, பெயர் கூடத் தெரியாத ஒரு தூரதேசத்துப் பிள்ளைக்காக அடுப்பை இரண்டாம் முறை மூட்டியது யார்? ஆசிரியர் அழைத்துவிட்டார், சரி. உள்ளே இருந்தவர்கள் முகம் சுளித்திருந்தால் அந்த அழைப்பு முதல் இரவோடு முடிந்திருக்கும்.

அந்தத் தாய் எழுந்து போகும்போது மாசியும் மிளகாய்த்தூளும் எவ்வளவு கட்டிக் கொடுக்கலாம் என்று என் வீட்டாரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். மனம் சற்று இலேசாகியிருந்ததென்று நினைக்கிறேன்.

பையன் போனான். வவுனியாவிலிருந்து பஸ்ஸில் கொழும்புக்குப் போகும் நேரம் கூடக் கொழும்பிலிருந்து கோலாலம்பூருக்கு விமானத்தில் ஆவதில்லை. தூரம் கிலோமீற்றரில் இல்லை என்பது போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்ததாம். திரும்பி வந்ததும், எனக்கென்று வாங்கிய கறுப்புச் சொங்கோக் தொப்பியோடு வந்து அதே விறாந்தையில் உட்கார்ந்து சொன்னான்.

அங்கே யாரும் அவனை வெறுக்கவில்லை. பாடம் நல்ல பாடம். நூலகம் பெரிது. விடுதி துப்புரவானது. பள்ளியில் ஸப்பில் நின்றால் இரு பக்கமும் தோள் தோளோடு ஒட்டும். ஸலாம் கொடுத்ததும் அவரவர் எழுந்து அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். எல்லோருக்கும் அவசரம். வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தாலும், இங்கே இஷாத் தொழுது சாப்பிட்டு உம்மா பேச உட்காரும் நேரம் அங்கே இரண்டரை மணித்தியாலம் முந்திப் பதினொரு மணியாகிவிடும். அறையில் மற்றவர்கள் உறங்குவார்கள். தாழ்வாரத்தில் நின்று மெல்லிய குரலில் "நல்லா இருக்கேன் உம்மா" என்று மட்டும் சொல்வானாம். ஐந்து வாரம் வரை, நீ யார், எந்த ஊர் என்று அவனைக் கேட்டவர் ஒருவருமில்லை. "மௌலவி, உம்மா வந்து சொன்னா, நான் நாற்பதில சேர மாட்டேன் எண்டு. ஒவ்வொரு ஜும்ஆவுக்கும் அதுதான் நினைவு வரும்" என்றான்.

ஆறாவது வாரம் விடுமுறையில் பினாங்குக்குப் போயிருக்கிறான். 300 கிலோமீற்றருக்கு மேல். அங்கே இரண்டு நாள் தங்கினான். கஸ்ர் செய்து தொழுததைப் பெருமையோடு சொன்னான். இந்திய முஸ்லிம் வணிகர்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் தொழுதுவிட்டுப் பக்கத்தில் ஒரு நாசி கண்டார் கடைக்குப் போனான். முன்னொரு காலத்தில் நம்மவர்கள் காவடி போலத் தோளில் சோற்றையும் குழம்பையும் சுமந்து விற்றதால் வந்த பெயர் அது. மலாயில் தட்டுத்தடுமாறிக் கேட்டவனைக் கல்லாவில் இருந்த பெரியவர் உற்றுப் பார்த்துவிட்டுத் தமிழில் கேட்டாராம்: "தம்பிக்கு எந்த ஊரு?" அவருடைய வாப்பா கடையநல்லூரிலிருந்து போனவர். வவுனியா என்றால் அவருக்கு விளங்கவில்லை. "சிலோனா?" என்றார். ஆமென்றதும் கேட்காமலே இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். கோலாலம்பூரிலேயே மஸ்ஜித் இந்தியா என்ற பள்ளிவாசல் இருக்கிறது, அங்கே குத்பா தமிழில் நடக்கும், போய்ப் பார் என்று வழியும் சொன்னார்.

"சாப்பிட முடியல்ல மௌலவி. அழுகை வந்திட்டு."

நான் ஒன்றும் சொல்லவில்லை. தூனிஸ் கதையை உம்மா அவனுக்குச் சொல்லியிருந்தாரோ தெரியவில்லை. சற்று நேரம் தொப்பியின் உறையைச் சுருட்டிக்கொண்டே இருந்துவிட்டு அவனே பேசினான். "எங்கட வீட்டுக்கு மூணாவது வீட்டில போடிங் இருக்கு. மூதூர், கிண்ணியாப் பொடியன்கள். ரெண்டு வருஷமா ஒவ்வொரு நாளும் காண்கிறேன். ஒருத்தன்ட பேரும் எனக்குத் தெரியாது."

சகோதரிகளே, இந்த மாதம் எழுத வந்தது இதைத்தான்.

வவுனியா இன்று மாணவர்களின் ஊராகிவிட்டது. 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக ஆனது, 2021 ஓகஸ்டில் வவுனியாப் பல்கலைக்கழகமாகவே உயர்ந்தது. பம்பைமடுவுக்குப் போகும் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள், நாட்டின் எல்லாப் பேச்சும் கேட்கும். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் இருக்கின்றன. கல்முனை, அக்கரைப்பற்று, மூதூர், புத்தளம், மாவனல்லை என்று முஸ்லிம் பிள்ளைகள் வருகிறார்கள். காலி, மாத்தறை, குருநாகல் என்று சிங்களப் பிள்ளைகளும் வருகிறார்கள். தமிழே தெரியாத ஊரில் கடைப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டு நிற்கும் அந்தப் பிள்ளைகளுக்கும் ஓர் உம்மா, ஓர் அம்மா எங்கோ நித்திரையில்லாமல் இருக்கிறார். நம் பிள்ளை மலேசியாவில் என்னவாக இருக்கிறதோ அதுவாகத்தான் அவர்கள் நம் தெருவில் இருக்கிறார்கள்.

நாம் அவர்களை எப்படி வைத்திருக்கிறோம்? ஒளிக்காமல் பேசுவோம். அறைக்கு மூன்று பேர் என்று பேசி ஐந்து பேரை அடைக்கிறோம். கேத்தில் போட்டால் கரண்ட் காசு தனி. கிணற்றடியில் அதிக நேரம் நின்றால் தண்ணீர்ப் பேச்சு. பிந்தி வந்தால் சந்தேகம். முந்தி வந்தாலும் சந்தேகம். வாடகை வாங்குவது ஹலால்தான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மாதம் ஒரு முறை காசு வாங்கும்போது மட்டும் முகம் பார்க்கும் வீட்டுக்காரர்களாக நாம் எப்போது மாறினோம்?

எனக்கு இதில் கொஞ்சம் கூடுதலாகவே மனம் நோகும். 1990 ஒக்டோபர் இறுதியில் வட மாகாணத்து முஸ்லிம்கள், 70,000க்கும் மேற்பட்டோர், ஊரை விட்டு வெளியேற்றப்பட்டபோது நான் முல்லைத்தீவில் ஓதல் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த சிறுவன். புத்தளத்தில் கிடுகுக் குடிசைகளில் வளர்ந்தோம். முகாமில் நாங்களே ஒரு கிடுகுப் பள்ளியும் கட்டிக்கொண்டோம். அங்கே ஜும்ஆத் தொழுத பிறகு, பேணுதலுக்காக லுஹரையும் தொழுவார்கள். ஏன் இரண்டு முறை தொழுகிறோம் என்று வாப்பாவைக் கேட்டேன். நாங்கள் இந்த ஊரின் நாற்பதில் சேருவோமா மாட்டோமா என்று உலமாக்களுக்குள் பேச்சிருக்கிறது, அதனால்தான் என்றார். பெரியவர் ஒருவர் பள்ளியிலேயே எழுந்து நின்று சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது: எங்களை இங்கே முஸ்தவ்தின் என்று எழுதாதீர்கள், எழுதினால் நீராவிப்பிட்டியை நாங்கள் விட்டுவிட்டோம் என்று ஆகிவிடும். கணக்கில் சேரவும் ஆசை, சேர்ந்துவிட்டால் ஊர் போய்விடுமோ என்ற பயமும். அகதியின் நெஞ்சை அதைவிடச் சுருக்கமாக நான் எந்தக் கிதாபிலும் படிக்கவில்லை.

அந்த ஆரம்ப மாதங்களில் புத்தளத்துத் தாய்மார் சட்டியோடு சோறு கொண்டுவந்து கொடுத்தார்கள். எங்கள் பெயரைக் கேட்டார்கள். பிறகு வருடங்கள் நீள நீள அங்கும் மனங்கள் சலித்தன. அதுவும் மனித இயல்புதான். ஆனால் முதல் நாள் பெயர் கேட்டவரின் முகம் மறக்கவில்லை. 2009இல் யுத்தம் முடிந்து, காடு மூடிக்கிடந்த வளவுகளுக்குத் திரும்பிய நம்மவர்களுக்கும் இரண்டாம் முறை அந்நியராவது என்னவென்று தெரியும். அப்படிப்பட்ட சனங்களின் தெருவில் ஒரு பிள்ளை இரண்டு வருடம் பெயரில்லாமல் நடக்கலாமா?

பெண் பிள்ளைகள் விஷயம் இன்னும் பாரமானது. மஹ்ரமில்லாமல் பெண் பயணம் செய்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருப்பது நாமறிந்ததே. இன்றைய உலமாக்களில் ஒரு சாரார் அதை அப்படியே பேணுமாறு சொல்கிறார்கள். வேறொரு சாரார், பாதை பாதுகாப்பானதாகவும் நம்பிக்கையான பெண்களின் துணை உள்ளதாகவும் இருந்தால் அவசியத் தேவைக்கு இடமளிக்கிறார்கள். உங்கள் மகளை அனுப்பும் முன் உங்கள் சூழ்நிலையை விபரமாகச் சொல்லி நம்பிக்கையான ஆலிமிடம் கேளுங்கள். பத்திரிகையில் பொதுவாகத் தீர்ப்புச் சொல்வது சரியல்ல. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நம்பிக்கையான பெண்களின் துணை என்று அந்த உலமாக்கள் சொல்கிறார்களே, அக்கரைப்பற்றிலிருந்து வவுனியாவுக்கு வந்து நிற்கும் ஒரு குமருக்கு அந்தப் பெண்கள் யார்? அங்கிருக்கும் அவளுடைய உம்மா அல்ல. அவளுக்கு அறை கொடுத்திருக்கும் நீங்கள்தான். அவளுடைய பயணம் கூடும் என்று ஒரு ஆலிம் சொல்லியிருந்தால் அந்தத் தீர்ப்பு உங்கள் தோளில் நிற்கிறது.

அனுப்பிய தாய்மாருக்கும் போன பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. இப்னு பதூதா தம் தாய் தந்தையரை 1325இல் பிரிந்தார். அதன் பிறகு இருவரையும் பார்க்கவேயில்லை. 1348இல் மீண்டும் திமிஷ்க் வந்தபோது, வாப்பா இறந்து 15 வருடங்களாகிவிட்டன என்ற செய்தியை ஊர்க்காரர் ஒருவர் சொன்னார். உம்மா உயிரோடிருப்பதாகவும் சொன்னார். அடுத்த வருடம், வீடு சேரச் சில நாள் வழியே இருந்தபோது, கொள்ளை நோயில் உம்மாவும் மவுத்தாகிவிட்டார் என்று கேள்விப்பட்டார். பயணத்தின் வேலை முடிந்ததும் தாமதிக்காமல் குடும்பத்திடம் திரும்பிவிட வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். செமஸ்டர் முடிந்து டிக்கெட்டை இரண்டு மாதம் தள்ளிப் போடும் பிள்ளைகள் இதைப் படித்தால் நல்லது.

அந்தப் பையன் என்ன செய்தான் என்று கேட்பீர்கள். என்னிடம் பேசிவிட்டுப் போன வியாழக்கிழமையே, உம்மா சமைத்த இடியப்பத்தையும் சொதியையும் எடுத்துக்கொண்டு அந்த மூன்றாவது வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறான். கதவைத் திறந்த மூதூர்ப் பிள்ளை இவனை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டானாம்: "என்ன நானா, கரண்ட் பில்லுக்கா வந்தீங்க?"

மறுநாள் ஜும்ஆ முடிந்து அந்த ஐந்து பிள்ளைகளும் சேர்ந்து பாத்திரத்தைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நன்றாகக் கழுவித் துடைத்திருந்தது. வெறும் பாத்திரம் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று அவர்களுடைய உம்மாமார் சொல்லி வளர்த்திருக்க வேண்டும். உள்ளே ஒரு பக்கற் மாரி பிஸ்கட் இருந்தது.